மின்சாரத்தால் சுடும் ரைஃபிள்: வாங்குவோருக்கும் சுடுவோருக்கும் சில வழிமுறைகள்

அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய மாடல் 700 எட்ரான்எக்ஸ் ரைஃபிளின் உற்பத்தி சில ஆண்டுகளிலேயே நின்றுபோனதால், இன்று அதை ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமிருந்துதான் வாங்க முடியும். வாங்குபவர் முதலில் விசாரிக்க வேண்டியது குழலின் நிலையை அன்று, தோட்டாவின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரின் இருப்பையே. ஊசி அடித்ததும் வெடிக்கும் வழக்கமான பிரைமர் இதில் பயன்படாது. மின்னோட்டம் பாய்ந்தால் பற்றும் தனிவகைப் பிரைமரே வேண்டும். அதன் தயாரிப்பும் நின்றுவிட்டது. போதிய பிரைமர்கள் சேர்ந்து வராத எட்ரான்எக்ஸை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், சுடுவதற்காக வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டைக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரிதான் இதன் உயிர்நாடி. விசையை அழுத்தியதும் மின்சுற்று அந்த மின்னழுத்தத்தைப் பலமடங்கு உயர்த்தி, ஊசியின் வழியாகப் பிரைமருக்குச் செலுத்துகிறது. ஊசி நகர்வதே இல்லை. அதன் முனை பிரைமரைத் தொட்டபடி நிற்கிறது, உடற்பகுதி பீங்கான் பூச்சால் காப்பிடப்பட்டிருக்கிறது. ஆகவே வாங்கும் முன் பேட்டரி அறையைத் திறந்து, கசிவோ பச்சை படிந்த அரிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியின் அடியிலுள்ள பூட்டுக்கான சாவியையும் மறவாமல் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மின்னமைப்பை இயக்க முடியாது.

சாதாரண போல்ட் ரைஃபிளில் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும், கையால் இயக்கும் உலோகத் தண்டே போல்ட்) விசை விடுபட்டு ஊசி பிரைமரை அடைய ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிநொடி ஆகும். அதற்குள் குறி சற்றே விலகக்கூடும். இதில் அந்தத் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். .22-250 ரெமிங்டன், .220 ஸ்விஃப்ட் போன்ற வேகமான தோட்டாக்களால் புல்வெளி நாய் எனப்படும் சிறு கொறிவிலங்கைத் தொலைவிலிருந்து சுடுவோர் இதை விரும்பியதற்குக் காரணம் அதுவே. ஆயினும் குண்டு குழலைக் கடக்க நேரம் எடுக்கும் என்பதால், சுட்ட பின்னும் உடலை அசைக்காமல் குறியிலேயே நிலைக்கும் பழக்கத்தைக் கைவிடக் கூடாது.

விசையை அழுத்தியும் சுடாவிட்டால், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, பாதுகாப்புப் பொத்தானை இட்டு, குறைந்தது 30 நொடி காத்திருந்த பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். தீர்ந்துபோன பேட்டரியும், ஊசி முனையில் படிந்த எண்ணெயும் கரியும் முதலில் சந்தேகிக்க வேண்டியவை. பேட்டரியை மாற்றுவதற்கு முன், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள்.

சுட்ட தோட்டாக் கூடுகளை வீட்டில் மீண்டும் நிரப்புவோர் மின் பிரைமர் இட்டவற்றைத் தனிப் பெட்டியில், பெரிதாகப் பெயரெழுதி வைக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் வழக்கமான தோட்டாவைப் போலவே இருப்பதால், இரண்டும் கலந்துவிட்டால் பிரித்தறிவது கடினம். நெடுநாள் பயன்படுத்தாதபோது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

பிரைமர்கள் முற்றிலும் தீர்ந்தபின், தேர்ந்த துப்பாக்கி வினைஞரிடம் கொடுத்து மாடல் 700க்குரிய சாதாரண போல்ட்டும் விசை அமைப்பும் பொருத்திக்கொள்ளலாம். கழற்றிய மின் பாகங்களை எறியாமல் ரைஃபிளுடனே பத்திரப்படுத்துங்கள்.