கிராங்க் ஆயில் சீல் வீட்லயே மாத்துன அனுபவம்

பொள்ளாச்சி பக்கம் எங்க தோட்டத்து வாசல்ல காரை நிறுத்துனா இஞ்சின்ல சுத்தற கிராங்க் ஷாஃப்ட் முனையில இருக்கற புல்லிக்கு (கிராங்க் புல்லி) கீழ தினம் ஆயில் சொட்டுமுங்க. புல்லிய கழட்டி, திரும்ப அதே எடத்துல மாட்டறதுக்கு டைமிங் மார்க்கை பெயிண்ட்ல குறிச்சுட்டு டைமிங் பெல்ட், அது ஓடற பல்சக்கரம் (ஸ்ப்ராக்கெட்) எல்லாம் எடுத்துப் பாத்தா, ஆயில் வெளிய வராம தடுக்கற சீல் ரப்பர் கல்லாட்டம் இறுகிக் கெடந்துச்சு, ஸ்க்ரூட்ரைவர் போட்டு நெம்பாதீங்க, ஷாஃப்ட்ல ஒரு கீறல் விழுந்தாலும் புது சீலும் ஒழுகும், நான் சீல்லயே சின்ன ஸ்க்ரூ ஒன்னை முறுக்கி பிளையர்ல இழுத்தேன். புது சீலோட உள் விளிம்புல (லிப்) ஆயில் தடவி, ஸ்ப்ரிங் இருக்கற பக்கம் இஞ்சினைப் பாத்தாப்ல வெச்சு, சொட்டுநீர் போட்டப்ப மிச்சமான பிவிசி பைப் துண்டை மேல வெச்சு எல்லாப் பக்கமும் மெதுவா தட்டுனேனுங்க. ஆயில் குடிச்ச பெல்ட்டை திரும்ப மாட்டவே கூடாது, புதுசு போட்டேன். இஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவை வெளியேத்தற பிசிவி வால்வும் அடைச்சிருந்துச்சு, அதை அப்படியே விட்டா உள்ள பிரஷர் ஏறி மறுபடி ஒழுகுமுங்க. பத்து நாளாச்சு, வாசல் காஞ்சு கெடக்குது.