படக்குழுவுக்கு ஆள் எடுக்கும்போது

15 வருடமாக என் கேமரா குழுவுக்கு நானேதான் ஆள் எடுக்கிறேன். ஆரம்பத்தில் தெரிந்தவர்களுக்கு மட்டுமே போன் போட்டேன். வந்தவர்கள் எல்லாரும் என்னைப் போலவே இருந்தார்கள். மற்றவர்கள் உள்ளே வரப் பெரிய தடை அதுதான். வேலை இருப்பதே வெளியே யாருக்கும் தெரிவதில்லை. அதனால் படப்பிடிப்புக்கு 6 வாரம் முன்பே சம்பளம், வேலை நேரம் இரண்டையும் எழுதி எல்லாரும் பார்க்கும்படி அறிவியுங்கள். ‘அனுபவம் தேவை’ என்று பொதுவாகப் போடாதீர்கள். ஃபோகஸ் பிடிக்க வேண்டுமா, லென்ஸ் மாற்ற வேண்டுமா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

அப்புறம் பணம். சம்பளமில்லாத பயிற்சி என்றால் வீட்டில் வசதி உள்ளவர்தான் வர முடியும். முதல் நாளிலிருந்தே கொடுங்கள்.

நல்ல திறமையுள்ள ஒரு பெண், இரவு 2 மணிக்கு வீடு திரும்ப வண்டி இல்லாததால் என் படத்தை விட்டுப் போனார். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது வண்டி, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை எல்லாம் என் பட்ஜெட்டின் முதல் பக்கத்திலேயே வந்துவிடும்.

ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் பெண் ரேச்சல் மாரிசன். ஆண்டு 2018, அது 90ஆவது விழா! ஒரு பெண் அங்கே வர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அதனால் உதவியாளராக எடுத்தவரை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த படத்தில் இரண்டாவது கேமராவை அவர் கையில் கொடுங்கள்.