ரோபோ ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சா? யூரின் டியூபைப் பார்த்துக்கொள்ளும் முறை

அப்பாவுக்குப் புதுச்சேரியில் ரோபோ மூலம் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) ஆபரேஷன் நடந்தது. அப்புறம் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். ரோபோ தானாக எதையும் அறுக்காது, டாக்டர்தான் கன்சோலில் (அதை இயக்கும் மேசையில்) உட்கார்ந்து அதன் கைகளை இயக்குகிறார். வெளியே தெரிவது சின்னத் துளைகள்தான். உள்ளேயோ, புற்றுநோய் வந்த புராஸ்டேட்டை எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையை சிறுநீர்த்தாரையோடு (யூரின் வெளியே வரும் பாதை) சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் ஆறும்வரை, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம், யூரினை வெளியே ஒரு பைக்குக் கொண்டுவரும் டியூப் இருக்கும்.

1. காரில் வரும்போது
பையை மடியில் வைக்காதீர்கள், காலடியில் இருக்கட்டும். எப்போதும் அது சிறுநீர்ப்பைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். கடலூர் ரோட்டில் ஸ்பீட் பிரேக்கர் வரும் இடங்களில் வயிற்றின்மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

2. தொடையில் கட்டுவது
டியூப் இழுபடாதபடி கொஞ்சம் தளர்வு விட்டுத் தொடையில் கட்டுங்கள். நம்ம ஊர் வியர்வைக்குப் பிளாஸ்திரி நிற்காது. வெல்க்ரோ பட்டைதான் என் ஓட்டு. பேண்ட் வேண்டாம், லுங்கி போதும்.

3. ராத்திரி
எங்களைப் படுத்தியது இதுதான். நடுராத்திரியில் அப்பா, "டேய், படுக்கை நனைஞ்சிடுச்சுடா" என்றார். பையில் ஒரு சொட்டு ஏறவில்லை. டியூப் தொடைக்கு அடியில் மாட்டி மடங்கியிருந்தது. நிமிர்த்தியதும் சரசரவென்று இறங்கியது.

இப்படி ஆனால் டியூபின் தொடக்கத்திலிருந்து பை வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். மடிப்பு இருக்கிறதா, உடம்புக்கு அடியில் அழுந்துகிறதா, கிளாம்ப் (டியூபை அடைக்கும் கிளிப்) மூடியிருக்கிறதா, டியூப் கட்டிலிலிருந்து பைக்கும் கீழே தொங்கி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பையைத் தரையில் போடாதீர்கள். எங்கள் கட்டில் சட்டத்தில் கொக்கி மாட்டாததால் சுத்தமான பக்கெட்டுக்குள் வைத்தோம். அடியில் திறந்து காலி செய்யும் குழாய் உள்ள பைதான் வாங்குங்கள். நிரம்பி வழியும்வரை காத்திராமல், சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுக் காலி செய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் யூரின் இறங்கவில்லை, அடிவயிறு உப்புகிறது, அல்லது ரத்தக்கட்டி வருகிறது என்றால் உடனே ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். டியூப் கழன்று வந்துவிட்டால் தெருமுனை கிளினிக்கில் புதிதாகப் போடச் சொல்லவே கூடாது. உள்ளே இருக்கும் பச்சைத் தையல் பிரிந்துவிடலாம். அதற்கு யூராலஜி டாக்டரே வேண்டும்.

4. மலம் கழிப்பது
முக்கவே கூடாது. முக்கினால் டியூபைச் சுற்றிக் கசியும், யூரின் கொஞ்சம் சிவக்கவும் செய்யும். லேசான சிவப்பு தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மலமிளக்கியை டாக்டர் சொன்னபடி கொடுங்கள். எனிமா வேண்டாம்.

பின்சேர்க்கை: ஆபரேஷன் வயிற்றில், தோள் ஏன் வலிக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வருவது அது. சில நாளில் போய்விடும். வீட்டுக்குள் நடக்கவிடுங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும் நடை நல்லது.

கீகல் பயிற்சி (யூரினை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) பற்றியும் கேட்டிருந்தீர்கள். டியூப் உள்ளே இருக்கும்போது வேண்டாம், எடுத்த பிறகு டாக்டர் சொன்னதும் ஆரம்பிக்கலாம். டியூப் எடுக்கப் போகும்போதே பேடும் மாற்று லுங்கியும் எடுத்துப்போங்கள். அன்று கசிவது சகஜம், கட்டுப்பாடு திரும்பச் சிலருக்கு மாதக்கணக்காகும்.