துடக்குக் கழிந்த பிறகும் அவள் சோர்ந்தே இருந்தால்

முதலில் நாட்களை எண்ணுங்கள். பிள்ளை பிறந்த மூன்றாம் நான்காம் நாளில் தாய் காரணமே இல்லாமல் அழுவாள், சட்டென்று எரிந்து விழுவாள். பிரசவத்தோடு ஹோர்மோன்கள் வேகமாக இறங்குவதும் நித்திரை இல்லாததும் சேர்ந்து செய்யும் வேலை அது, பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானாகவே அடங்கிவிடும். இரண்டு கிழமை தாண்டியும் அடங்கவில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு சில மாதம் கழித்தும் இது தொடங்கும்.

திருகோணமலையில் நம் வீடுகளில் இது கண்ணில் படுவது கஷ்டம். துடக்கு, அதாவது பிரசவத் தீட்டு என்று 31 நாள், முஸ்லிம் வீடுகளில் 40 நாள், அவள் அறைக்குள்ளேயே இருக்கிறாள். பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும் "பிள்ளைப் பெத்த உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அப்புறம் துடக்குக் கழிந்ததும் அம்மா மூதூருக்குத் திரும்பிவிடுவார், கணவர் கடலுக்கோ கட்டாருக்கோ போய்விடுவார், வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும். எனக்கு அந்தக் கிழமைகளை நினைத்தால்தான் பயம்.

எல்லோரும் அழமாட்டார்கள். பிள்ளை தூங்கும்போதும் இவளுக்கு நித்திரை வராது, ஆசையாகச் சாப்பிடும் பால்சுறா வறை தட்டில் அப்படியே கிடக்கும், பிள்ளையைத் தூக்கினால் மனதில் ஒன்றும் தோன்றாது, அல்லது மூச்சு நின்றுவிடுமோ என்று விடியவிடியப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"தங்கம் மாதிரிப் பிள்ளை, ஏன் அழுகிறாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கமாட்டாள். "மனசுக்கு எப்படி இருக்கு பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சாக வேண்டும்போல இருக்கிறதா என்றும் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இரவில் நான்கைந்து மணித்தியாலம் அவளைத் தொடர்ந்து தூங்க விட்டு, பிள்ளையை நீங்கள் வைத்திருங்கள்.

வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் பிள்ளையின் நிறையை மட்டும் பேசாமல் இதையும் சொல்லுங்கள். இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு, கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது, மாமியார் பக்கத்தில் இருந்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், ஆகவே கேள்வி கேட்கும்போது அவளை மிட்வைஃபோடு தனியே விடுங்கள். டொக்டரிடம் போனால் இரத்தச்சோகை, தைரொயிட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அவையும் இதே மாதிரிச் சோர்வைத் தரும். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, கொஞ்சம் சுகமானதும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. நூல் கட்டுவதென்றால் கட்டுங்கள், கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்று மட்டும் அவசரம். நித்திரையே இல்லை, யாரோ பேசுவது கேட்கிறது என்கிறாள், பிள்ளையைப் பற்றி விபரீதமாகச் சொல்கிறாள் என்றால் பேய் பிடித்தது என்று காத்திருக்க வேண்டாம். அவளையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அம்புலன்சுக்கு 1990. யாரிடமாவது பேச வேண்டும் என்றால் மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுப்பார்கள்.