ஏர் பிஸ்டல்: பிடி சரியாக அமைவதற்கு

10 மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்டில் பத்துக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. அதற்கு வெளியே ஒவ்வொரு புள்ளிக்கும் 8 மி.மீ. அகலத்தில் ஒரு வளையம். எத்தனை வருடம் பழகினாலும் நீட்டிய கை கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தில் பிஸ்டல் மொத்தமாக 8 மி.மீ. நகர்ந்தால் போவது ஒரு புள்ளி. ஆனால் பேரல் முனையில் குறி பார்க்க நிற்கும் ஃபிரண்ட் சைட், கண் பக்கம் இருக்கும் ரியர் சைட்டின் வெட்டுக்குள் 1 மி.மீ. ஒதுங்கி நின்றால் கதையே வேறு. இரண்டு சைட்டுக்கும் நடுவே 330 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், பெல்லட் (ஏர் பிஸ்டலின் சின்னக் குண்டு) 30 மி.மீ. தள்ளிப் போய் விழும். கிட்டத்தட்ட நாலு புள்ளி போச்சு.

அதனால் கை ஆட்டத்தை நிறுத்தப் போராடுவதைவிட, சைட் இரண்டும் தானாகவே வரிசைக்கு வரும்படி பிடியை அமைப்பதுதான் முதல் வேலை. நல்ல பிடிக்கு அடையாளம் பலம் இல்லை. அறுபது ஷாட்டிலும் ஒரே மாதிரி இருப்பது. ஒலிம்பிக் பிரிவான இதில் (2024 பாரிஸில் மனு பாக்கர் தனிநபர் வெண்கலம் வென்றது இதில்தான்) ஒரே கையால் சுட வேண்டும், மணிக்கட்டுக்கு எந்த ஆதரவும் கூடாது. இன்னொரு கையைப் பாக்கெட்டில் விடுவது ஸ்டைலுக்கு அல்ல. அந்தக் கை ஆடினால் தோளும் ஆடும்.

கீழே சொல்வதெல்லாம் வலக்கைக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளவும். பிஸ்டலைத் தொடுவதற்கு முன் பழக்கமாக வேண்டியது ஒன்று உண்டு: பேரலில் சேஃப்டி ஃபிளாக் (உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டும் அடையாளம்), பேரலின் வாய் எப்போதும் டார்கெட் பக்கம், சுடத் தயாராகும் வரை டிரிகரில் விரல் இல்லை.

கிரிப் அளவு

மொரினி, ஸ்டெயர், பார்டினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் ஆகிய பிஸ்டல் கம்பெனிகள் எல்லாமே கிரிப்பை, அதாவது பிஸ்டலின் கைப்பிடியை, எஸ், எம், எல் என்று அளவு வாரியாகத் தருகின்றன. வாங்கும்போது பலர் உள்ளங்கை நிரம்புகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஆள்காட்டி விரலை. பிடித்த பிறகு அந்த விரல் கிரிப்பில் எங்கும் ஒட்டாமல், டிரிகருக்கு நேராக வந்து, முதல் கணுவின் சதைப்பகுதி நடுவில் படிய வேண்டும். விரலின் பக்கவாட்டுக்கும் கிரிப்புக்கும் இடையே ஒரு தாள் தடையில்லாமல் போய்வர வேண்டும். டிரிகர் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பதால் ஓரிரு மில்லிமீட்டர் குறையை அதில் சரிசெய்துவிடலாம். அதற்கு மேல் எட்டவில்லை என்றால் கிரிப் பெரிது என்று அர்த்தம்.

கிளப் பிஸ்டலைப் பலர் பயன்படுத்துவார்கள். அதில் அரம் வைக்கும் பேச்சே கூடாது. ஆனால் கிரிப்பின் அடியில் இருக்கும் தட்டை, அதாவது பாம் ஷெல்ஃபை, ஆலன் கீயால் ஏற்றி இறக்கலாம். உங்களுக்குச் சரியான இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால் அடுத்த நாள் தேட வேண்டாம்.

கையை வைக்கும் வரிசை

பிஸ்டலை இடக்கையால் பேரல் பக்கம் பிடியுங்கள். வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவையைப் பின்பக்கத்திலிருந்து கிரிப்பின் உச்சி வளைவுக்குள் ஆழமாகத் தள்ளுங்கள். இடைவெளியே இருக்கக் கூடாது. கவை தாழ்ந்தால் பேரல் கைக்கு மேலே உயர்ந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில். புதியவர்களின் டார்கெட்டில் மேலும் கீழுமாக நீளும் குரூப்புக்கு (ஷாட்கள் விழும் கூட்டத்துக்கு) இது ஒரு முக்கியக் காரணம். மேலிருந்து பார்த்தால் பேரலும் முன்கையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

அடுத்து நடுவிரல். டிரிகரைச் சுற்றியுள்ள வளையமான டிரிகர் கார்டுக்கு அடியில் ஒட்டி வைத்து நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும், பக்கவாட்டில் நசுக்கக் கூடாது. மோதிர விரலும் அப்படியே. பிடியின் பலம் முழுக்க இந்த இரண்டு விரலும் உள்ளங்கையின் அடிப்பகுதியும் தருவது. சுண்டு விரல் சும்மா கிடக்கட்டும். அது இறுகினால் பிஸ்டலின் மூக்கு தாழும். கட்டைவிரல் தன் திண்டின் மேல் முன்னோக்கிப் படுத்திருந்தால் போதும், அழுத்த வேண்டாம்.

கடைசியில் பாம் ஷெல்ஃப். கையின் அடிப்பக்கத்தை அது தொட வேண்டும், கடிக்கக் கூடாது. இறுகப் பிடித்தால் பிஸ்டல் கையோடு ஒன்றிவிட்டது போல இருக்கும், அந்தச் சுகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரை மணி நேரத்தில் கை சூடாகி லேசாக வீங்கும். ஷெல்ஃப் கையைப் பிதுக்கத் தொடங்கும். முதல் பத்து ஷாட்டில் இருந்த பிடி நாற்பதாவது ஷாட்டில் இருக்காது. ஒரு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள்.

எவ்வளவு இறுக்குவது

இதைக் கிலோ கணக்கில் சொல்வதில் பயனில்லை. கை நடுங்கத் தொடங்கும் வரை இறுக்குங்கள். பிறகு நடுக்கம் நிற்கும் வரை மெல்லத் தளர்த்துங்கள். நின்ற இடம்தான் உங்கள் அளவு. பெரும்பாலோர் நினைப்பதைவிட அது கொஞ்சம் உறுதியாகவே இருக்கும். முட்டையைப் பிடிப்பதுபோல் பிடி என்று சில இடங்களில் சொல்லித்தருகிறார்கள். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு தளர்ந்துவிடும், டிரிகரை இழுக்கும்போது பிஸ்டலும் கூடவே வரும். மணிக்கட்டு பூட்டியபடி இருக்க வேண்டும், முழங்கை நேராக, தோள் உயராமல்.

இறுக்கத்தின் அளவைவிட முக்கியம், டிரிகர் விரல் நகரும்போது மற்ற விரல்கள் நகராமல் இருப்பது. விதிப்படி டிரிகர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் அழுத்தம், குறைந்தது 500 கிராம். டிரிகர் இரண்டு கட்டமாக நகரும்; அந்த எடையில் பெரும்பகுதியை முதல் கட்டத்திலேயே எடுத்துவிட்டு, இரண்டாம் கட்டத்துக்குக் கொஞ்சம் மட்டும் மிச்சம் வைப்பது நல்லது. ஆள்காட்டி விரலை மடக்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து மடங்கப் பார்ப்பது கையின் இயல்பு. பிஸ்டலைத் தூக்கும் முன்பே பிடியை முழு அழுத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அவை மேலும் மடங்க இடம் இருக்காது.

கண்ணை மூடிச் சோதனை

பெல்லட் இல்லாமல் பிடியுங்கள், டார்கெட்டை நோக்கித் தூக்குங்கள், கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள், திறந்து பாருங்கள். பார்க்க வேண்டியது டார்கெட்டை அல்ல, ரியர் சைட் வெட்டுக்குள் ஃபிரண்ட் சைட் எங்கே நிற்கிறது என்பதை. இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம், மேல்விளிம்பு சமம் என்றால் பிடி சரி. பத்து முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நின்றால் பிடிக்கும் வரிசை இன்னும் பழகவில்லை. எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால் கிரிப்தான் கோணல்.

ஃபிரண்ட் சைட் வலப்பக்கம் ஒதுங்கினால், வலக்கையை அசைக்காமல் பிடியைத் தளர்த்தி, இடக்கையால் பேரலை இடப்பக்கம் திருப்பி, சைட் நேரானதும் மறுபடி பிடியுங்கள். இடப்பக்கம் ஒதுங்கினால் எதிர்த்திசை. தாழ்ந்து நின்றால் கிரிப்பின் பின்பக்கம் கீழே, உள்ளங்கையின் அடி படும் இடத்தில் கொஞ்சம் நிரப்ப வேண்டும், மூக்கு எழும். சில மாடல்களில் கிரிப்பின் சாய்வை மாற்றத் தனி ஸ்குரூ உண்டு, அதை முதலில் பாருங்கள்.

இதற்கு ரியர் சைட் ஸ்குரூவைத் திருகுவது தவறான மருந்து. அது குண்டு விழும் இடத்தை மாற்றும், பிடியின் கோணலை மாற்றாது. மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்வதும் அப்படியே. முப்பது ஷாட் வரை தாங்கும், பிறகு சோர்ந்து பழைய இடத்துக்கே போய்விடும்.

இரு பாதமும் தோள் அகலத்தில் இருக்கட்டும். கை முழுவதும் டார்கெட்டுக்கு இடமோ வலமோ போய் நின்றால் அது பிடியின் குற்றமல்ல, நிற்பதன் குற்றம், பின்காலை நகர்த்துங்கள்.

அரமும் எம்-சீலும்

சொந்தப் பிஸ்டல் என்றால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். முகப்பவுடரைக் கையில் லேசாகத் தடவிப் பிடித்து விட்டால் வால்நட் மரத்தில் தொட்ட இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். திட்டுத் திட்டாக இரண்டு மூன்று இடத்தில் மட்டும் அழுத்தமாக விழுந்தால் அவை மேடு. அரத்தில் போக வேண்டியவை. உள்ளங்கைக் குழியில் எதுவும் படவில்லை என்றால் அது நிரப்ப வேண்டிய பள்ளம். குளிர்ந்த கையோடு இதைச் செய்ய வேண்டாம். இருபது நிமிடம் சுட்ட பிறகு கை இருக்கும் அளவுதான் போட்டியில் இருக்கும் அளவு.

கிரிப்பைக் கழற்றிவிட்டுத்தான் அரம் போட வேண்டும். மரத்தூள் டிரிகர் பகுதிக்குள் போனால் வேறு தொல்லை. அரைவட்ட அரம், பிறகு 80 கிரிட் உப்புத்தாள். ஒரு முறைக்கு அரை மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். மாட்டி, இருபது முறை டிரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் டிரிகர் இழுப்பது) செய்து பார்த்துவிட்டு அடுத்த அரை மில்லிமீட்டர். பள்ளத்துக்கு எம்-சீல் போன்ற எபாக்ஸி: இரண்டு பாகத்தையும் சம அளவில் ஒரே நிறம் வரும் வரை பிசைந்து, 1 முதல் 2 மி.மீ. கனத்தில் ஒட்டுங்கள். ரெசின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் மெல்லிய கையுறை போட்டு, அதை நீரில் நனைத்து, சைட் நேராக நிற்கும்படி பிடித்து அச்சு எடுங்கள். உலோகப் பகுதிகளை டேப் ஒட்டி மூடிவைக்கவும். நன்றாக இறுகும் வரை ஒரு நாள் தொட வேண்டாம். மேலே வார்னிஷ் பூசாதீர்கள், வியர்வையில் வழுக்கும். நம் ஊர் உஷ்ணத்தில் சொரசொரப்பு இருந்தால்தான் பிடி நிற்கும். பத்து ஷாட்டுக்கு ஒருமுறை கையையும் கிரிப்பையும் உலர்ந்த துண்டால் துடைக்கவும்.

குரூப் சொல்லும் சேதி

ஒற்றை ஷாட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பத்து ஷாட் குரூப்பாக விழட்டும். குரூப் வலப்பக்கம் போனால் கட்டைவிரல் தள்ளுகிறதா, டிரிகரில் விரல் அதிகம் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் என்றால் விரல்நுனியால் டிரிகரைத் தள்ளுகிறீர்கள், அல்லது ஆள்காட்டி விரல் கிரிப்பில் உரசுகிறது. கீழே இடப்பக்கம் என்றால் கை முழுவதும் சேர்ந்து நசுக்குகிறது. மேலே என்றால் சுடும் கணத்தில் உள்ளங்கையின் அடி முன்னே தள்ளுகிறது.

பயிற்சிக்கு டார்கெட் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கம் மாட்டுங்கள். கருப்பு வட்டம் இல்லாதபோது கண் சைட்டிலேயே நிற்கும், பிடியின் குற்றம் மறைக்க இடமில்லாமல் தெரியும். தொடக்கத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிடியை முழுவதும் விட்டு, கவையிலிருந்து மறுபடி அமையுங்கள். போட்டியில் அப்படிச் செய்ய வேண்டாம், 75 நிமிடத்தில் 60 ஷாட் என்றாலும் கை அலுத்துப்போகும். தூக்கி எட்டு விநாடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். ஷாட் போன பிறகும் இரண்டு விநாடி அசையாமல் இருங்கள். ஃபிரண்ட் சைட் துள்ளிவிட்டு அதே வெட்டுக்குள் திரும்பி வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு திசையில் துள்ளினால் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கிறது. டிரை ஃபயர் வீட்டிலும் செய்யலாம். பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, பிஸ்டல் நோக்கும் சுவர் செங்கல் சுவராக இருக்க வேண்டும்.

கிரிப்பில் கை வைத்தவர்கள் போட்டிக்கு முன் சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். பாம் ஷெல்ஃப் கிரிப்போடு 90 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மேல்நோக்கி வளையக் கூடாது. கிரிப்பின் எந்தப் பகுதியும் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. பிஸ்டல் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1,500 கிராம் தாண்டக் கூடாது. எபாக்ஸி ஒட்டியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது அந்த 50 மி.மீ. அகலத்தில்தான்; வீட்டிலேயே ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் புறப்படுங்கள்.