பார்க்கின்சன் மாத்திரையும் பருப்புக் கறியும்: எதை எப்போது கொடுப்பது

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வீடுகளில் பார்க்கின்சன் (அசைவைத் தடுமாறவைக்கும் மூளை நோய்) உள்ள பெரியவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும்: நேற்றுவரை கேட்ட மாத்திரை இன்று ஏன் கேட்கவில்லை? பெரும்பாலும் மாத்திரையில் குறையிருக்காது. மூளையின் கையிருப்புதான் குறைந்திருக்கும்.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதி உண்டு. உடலின் அசைவைச் சீராக்கும் டோபமினை அங்குள்ள செல்கள் சுரக்கின்றன. வயதாக ஆக எல்லோருக்குமே இந்தச் செல்கள் மெல்லக் குறையும். பார்க்கின்சனில் இழப்பு மிக வேகம். டோபமினை அப்படியே விழுங்கினால் அது மூளைக்குள் போகாது. அதனால்தான் உள்ளே போய் டோபமினாக மாறும் லெவோடோபாவைத் தருகிறார்கள். கூடவே வரும் கார்பிடோபா, லெவோடோபா வழியிலேயே டோபமினாக மாறிப்போகாமல் தடுக்கும். ஆரம்ப வருடங்களில் எஞ்சிய செல்கள் டோபமினைச் சேர்த்துவைத்துக் கொடுப்பதால் மாத்திரை ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலும் பெரிதாகத் தெரியாது. நோய் முற்றியபின் சேர்த்துவைக்க ஆளில்லை. அரைமணி தவறினாலே காலை எடுத்துவைக்க முடியாமல் நின்றுவிடுவார்கள்.

எனவே நேரம் தவறாமல், சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பாகவோ ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரையைக் கொடுங்கள். காலை 6 மணிக்கு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் என்றால், காலைச் சாப்பாடு 6.30-க்குப் பிறகு. குமட்டினால் கூடவே ஒரு வெறும் பிஸ்கட் போதும், பால் வேண்டாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளையின் வாசலிலும் ஒரே கதவுக்கு முண்டியடிக்கும். மட்டன் கறி சாப்பிட்டபின் மாத்திரை மந்தமாவது இதனால்தான். புரட்டாசி விரதத்தில் இன்னும் கவனம் வேண்டும். இறைச்சியை நிறுத்தினாலும் டோலும் (பருப்பு) சுகர் பீன்ஸ் கறியும் சோயாவும் தட்டில் கூடிவிடும், அதுவும் புரதம்தான். சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை தடுமாறுவது கண்கூடாகத் தெரிந்தால் மட்டும், பகலில் சோறு, ரசம், காய்கறி என்று வைத்து, பருப்பையும் பீன்ஸையும் இரவுக்குத் தள்ளுங்கள். மொத்த அளவைக் குறைக்காதீர்கள். இந்த வயதில் சதை கரைந்தால் விழுவது அதிகமாகும்.

மலச்சிக்கலையும் விடாதீர்கள். குடல் மந்தமானால் மாத்திரை வேலை செய்யவும் நேரமாகும்.

மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், கால் எப்போது இலகுவானது, எப்போது மறுபடி இறுகியது, உடல் தானாக நெளிந்ததா. இறுக்கம் அடுத்த வேளைக்கு முன்பே வந்தால் மருந்து சீக்கிரம் தீர்கிறது. நெளிவு மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது வந்தால் அளவு கூடியிருக்கலாம். டாக்டர் அளவை மாற்ற இந்த நோட்டு போதும். நீங்களாக மாற்றாதீர்கள், திடீரென நிறுத்தவும் கூடாது: கடும் காய்ச்சல், விறைப்பு, குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வாந்திக்கு மெட்டோகுளோப்பிரமைடும் புரோகுளோர்பெரசினும் வேண்டாம். இரண்டும் மூளையில் டோபமின் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். கெமிஸ்டிடமும் கிளினிக்கிலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், மாத்திரைகளை அவற்றின் டப்பாவோடு எடுத்துப்போய், கொடுக்க வேண்டிய நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதி நர்ஸ் கையில் கொடுங்கள்.