ஷேல் எண்ணெய்ச் செய்தியை எடைபோடுவது எப்படி?

"பாறைக்குள்ளே பல லட்சம் கோடி பீப்பாய் கிடக்குது" என்று செங்கோட்டை டீக்கடையில் யாராவது பேப்பரை விரித்தால், முதலில் எந்தப் பாறை என்று கேளுங்கள். எண்ணெய் ஷேல் என்ற படிவுப் பாறையில் எண்ணெயே கிடையாது, இன்னும் எண்ணெயாக மாறாத கெரோஜன் என்ற கரிமப் பொருள்தான். தேங்காய்க் கணக்கில் அது இளநீர், இன்னும் கொப்பரை ஆகவில்லை, சுமார் 500 டிகிரியில் சுட்டால்தான் எண்ணெய் கசியும். எஸ்டோனியாவில் அதை அப்படியே எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். (நீரழுத்தத்தில் பாறையை விரிசலாக்கி அமெரிக்கா எடுப்பது பாறைக்குள் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய்; அது வேறு சங்கதி, குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

பேப்பரில் வருவது எண்ணெய் மணல் என்றாலும் இப்படித்தான் கேட்க வேண்டும்: கனடாவின் ஆல்பர்ட்டா மணலில் இருப்பது தார் மாதிரி பிட்டுமென். மேலாகக் கிடக்கும் மணலைத் தோண்டி வெந்நீரில் அலச வேண்டும், ஒரு பீப்பாய்க்குச் சுமார் 2 டன் மணல். அப்புறம் அதற்குச் செலவாகும் எரிவாயுவையும் தண்ணீரையும் கழியுங்கள். கடைசியாக, கிடப்பது எவ்வளவு, எடுக்க முடிவது எவ்வளவு என்று பாருங்கள். ஆல்பர்ட்டாவிலேயே பத்தில் ஒரு பங்குதான் தேறும்.